கல் நிற்கும், கட்டு நிற்க வேண்டுமே



கல் வீடு வைத்திருக்கிறவர்கள் என்னிடம் பேச வந்தால் பெரும்பாலும் ஒரே பேச்சில்தான் தொடங்குகிறார்கள்: "சுவர் வயிறு தள்ளிடுச்சுங்க." அடுத்த கேள்வியும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: "இடிச்சுட்டு ஹாலோ பிளாக்குல கட்டிடலாமா, இல்ல சிமெண்ட் பூசிச் சமாளிச்சுக்கலாமா?" இடிப்பதற்கும் பூசி மறைப்பதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே அதைச் சரி செய்வது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கோயில், கோட்டை பற்றி நான் பேசவில்லை. அவற்றைக் கவனிக்கத் துறைகள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் தாத்தா காலத்து வீடு, அதை ஒட்டிய மாட்டுத் தொழுவம், விறகுக் கொட்டகை, மோட்டார் ரூம், கிணற்றுக் கட்டு, தோட்டத்துக் கல் வேலி ஆகியவற்றைக் கவனிக்க உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆகவே இந்தப் பேச்சு உங்களுக்கானது.

முதலில் கல். நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்வதில் பல வகைப் பாறைகள் அடங்கும். அவற்றில் முக்கியமான ஒன்றுக்குப் புவியியலார் வைத்த பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த விதம் சுவையானது. கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்த நகரத்து செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துக் கல். பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தில் கிடைக்கும் அதே பாறைதான் அது என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், 1893-ல் அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார். முந்நூறு ஆண்டு கடந்த கல்லறை. நம் ஊர்க் கல் அப்படிப்பட்டது. தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு தண்ணீரைக்கூட அது உறிஞ்சாது.

அப்படியிருக்க, நூறு வயதுகூட ஆகாத வீட்டில் சுவர் ஏன் கெடுகிறது? கெட்டது கல் இல்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கல்லை இன்னொரு கல்லோடு சேர்த்துப் பிடித்த கட்டு விட்டிருக்கும். அல்லது, போகக் கூடாத வழியில் தண்ணீர் போயிருக்கும். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் கை கோத்துக்கொண்டுதான் வேலை செய்திருக்கும்.

பழைய கல் சுவரை இடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டடி அகலச் சுவர் உண்மையில் இரண்டு சுவர். வெளிப்பக்கம் பெரிய கற்களால் ஒரு முகம். வீட்டுக்குள் பார்த்தபடி இன்னொரு முகம். நடுவில் சில்லும் சல்லியும் மண்ணும். அகலமான சுவர் உறுதியான சுவர் என்று நினைக்கிறோம். இரண்டு முகங்களையும் பிணைக்க எதுவும் இல்லாவிட்டால் அந்த அகலத்தால் பயன் இல்லை. சமயத்தில் அதுவே ஆபத்து.

இதை நாடு மிகக் கொடூரமாகக் கற்றுக்கொண்ட நாள் ஒன்று உண்டு. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை. மகாராஷ்டிரத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில், கில்லாரி கிராமத்தை ஒட்டி நிலம் அதிர்ந்தது. உலகக் கணக்கில் அது மிகப் பெரிய நிலநடுக்கம் அல்ல. ரிக்டர் அளவில் ஏறத்தாழ ஆறேகால். ஆனால் இறந்தவர்கள் ஏழாயிரத்துக்குக் குறையாது. அங்கே வீடுகள் மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர்கள். கூரை, மரச் சட்டங்களின் மேல் கனமாகப் பரப்பிய மண். வெயிலுக்கு இதமான வீடுகள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை. அதிர்ச்சி வந்ததும் வெளிமுகம் ஒரு பக்கமும் உள்முகம் ஒரு பக்கமும் ஆட, நடுவிலிருந்த சில்லு சரிந்து இறங்கி இரண்டையும் நெட்டித் தள்ளியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சொந்த வீட்டுக் கல்லே விழுந்தது. அந்தச் சுவர்களில் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்கள் போதிய அளவு இருந்திருந்தால், சுவர் வெடித்திருக்கலாம், சாய்ந்திருக்கலாம். இப்படிப் பிளந்து கொட்டியிருக்காது.

நம் மாவட்டங்களில் அந்த அச்சம் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியிலும் நிலம் வலுவாகக் குலுங்கியது. ஆனால் நான் கில்லாரியைச் சொல்வதற்குக் காரணம் வேறு. அங்கே சில விநாடிகளில் நடந்தது நம் வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல நடக்கிறது. கூரை ஓரத்தில் ஓடு விலகி, தண்ணீர் சுவர்த் தலைக்குள் இறங்குகிறது. நடுவிலுள்ள மண் கரைந்து கீழே உட்காருகிறது. உட்கார்ந்த மண்ணும் சில்லும் அடியில் அகலம் கேட்கும். முகக் கற்களை வெளியே தள்ளும். அதுதான் நீங்கள் சொல்லும் வயிறு.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டி இதற்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். கல் சுவரின் அகலம் 450 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். உயரத்தில் 600 மில்லிமீட்டருக்கு ஒரு வரிசையாக, அந்த வரிசையில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், சுவரின் முழு அகலத்துக்கும் ஊடுருவி நிற்கும் நீளக் கல் வைக்க வேண்டும். அடிக்கணக்கில் சொன்னால், இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை, நான்கடிக்கு ஒரு கல். இவ்வளவுதான். இலவம்பஞ்சு மெத்தையில் இடைவிட்டுப் போடும் தையல் இரண்டு துணியையும் பிடித்து நிறுத்துகிறதே, அந்த வேலையைத்தான் இந்தக் கற்கள் செய்கின்றன. புதிதாகத் தொழுவமோ மோட்டார் ரூமோ கல்லில் கட்டுகிறவர்கள், லோடு இறங்கும்போதே நீளக் கற்களைத் தனியாகப் பொறுக்கி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவை முகப்பில் அழகாகப் படுத்துக்கொள்ளும். நீளக் கல்லைச் சுவரின் நீளவாக்கில் வைத்தால் வேலை சீக்கிரம் ஓடும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் கல்லின் நீளம் சுவருக்குள் போக வேண்டும். ஒரு கொத்தனாரின் வேலைத்தரத்தை நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

கட்டி முடித்த சுவருக்கும் பிற்பாடு இந்தத் தையலைப் போட முடியும். கில்லாரிக்குப் பிறகு மராட்டிய கிராமங்களில் நின்ற வீடுகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரு கல்லை மெதுவாக அசைத்து எடுத்து, மறுமுகம் வரை துளைத்து, இரு முனையும் வளைத்த கம்பியை அதில் வைத்துக் காங்கிரீட்டால் நிரப்புவது. கடப்பாரையால் நெம்பக் கூடாது, சம்மட்டியால் அடிக்கக் கூடாது. சிறிய கம்பியால் சுரண்டிச் சுரண்டித்தான் கல்லை எடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிக் காங்கிரீட் முழுதும் மூட வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறி அதுவே கல்லைப் பிளக்கும். வயிறு இலேசாகத் தள்ளிய சுவருக்கு, அதுவும் மேற்கொண்டு நகராமல் நிற்கிற சுவருக்கு, இது போதும்.

நகர்கிறதா நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தூக்குக்குண்டு விட்டு, சுவர் எந்த உயரத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். வெடிப்பின் மேல் குறுக்கே சுண்ணாம்புச் சாந்தால் ஒரு சிறு பட்டை தேய்த்துத் தேதி போடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். பட்டை முறியவில்லை என்றால் அவசரம் இல்லை. முறிந்தால், கூரைக்கு முட்டுக் கொடுத்து, அந்தப் பகுதியை மட்டும் பிரித்துக் கட்ட வேண்டும். பிரிக்கும் முன் ஒரு புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுவிட்டால் அதே கல் அதே இடத்தில் உட்காரும். அடியிலிருந்து பிரிக்காதீர்கள். எப்போதும் மேலிருந்து கீழே. கடைக்கால் இறங்கியிருந்தால் ஒரு மீட்டர் நீளம் தோண்டிச் சரி செய்து, அது இறுகிய பிறகே அடுத்த துண்டு. முழு நீளத்துக்கும் ஒரே நாளில் வானம் தோண்டிய இடத்தில் சுவர் படுத்துவிடும். அதற்கு மேல் பேச எதுவும் இருக்காது.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் சுவரில் கை வைப்பதற்கு முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஓடு மாற்றுங்கள். இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே நீளட்டும். சுவர்த் தலையை மூடுங்கள். பல வீடுகளில் தெருமட்டம் உயர்ந்து, வாசல் படியே முழுகி, மழைத் தண்ணீர் சுவரை ஒட்டித் தேங்குகிறது. சுவரோரம் மண்ணை வெட்டி இறக்கி, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். அங்கே சிமெண்ட் தளம் போட்டு மூடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஈரம் தரை வழியே ஆவியாக வழியில்லாமல் சுவர் வழியே ஏறும். சல்லி பரப்பிய ஒரு சிறு வாய்க்கால் அதைவிட மேல்.

லாரி பேக்கர் சொன்ன ஒரு சின்ன விஷயம் இங்கே நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் வாழ்ந்து மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர் எளிய மக்களுக்காகப் படம் போட்டுக் கைப்பிரசுரங்கள் எழுதியவர். ஒன்றரை அடி கல் பேஸ்மட்டத்தின் நடுவில் முக்காலடிச் செங்கல் சுவரை வைத்தால் வெளிப்பக்கம் ஒரு படி போல நீட்டிக்கொண்டிருக்கும், மழை அதில் தங்கிக் கல் கட்டுக்குள் இறங்கும். அதைவிடச் செங்கல் சுவரைக் கல்லின் வெளி விளிம்போடு சேர்த்து எழுப்புங்கள் என்றார். தண்ணீர் வழிந்துவிடும், உள்ளே அறையும் சற்று அகலமாகும். ஒரு காசு கூடுதல் செலவு இல்லை. இப்படிப்பட்ட அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன்.

இனி சாந்துக்கு வருவோம். என் மனத்தாங்கல் முழுவதும் இங்கேதான்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-ல். சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் தயாரிக்க 1904-ல் ஒரு முயற்சி நடந்து, நிலைக்காமல் போனது. சுதந்திரத்துக்கு முந்தைய கிராமத்து வீட்டில் சிமெண்டில் கட்டிய கல் சுவர் இருப்பது அரிது. மண் சாந்து, அல்லது சுண்ணாம்புக் காரை. எது என்று தெரிய ஒரு கட்டியைப் பெயர்த்துத் தண்ணீரில் போடுங்கள். மண் என்றால் கரைந்துவிடும், காரை என்றால் கரையாது.

அந்தச் சுவரின் இடுக்குகளில் சிமெண்டை அடைத்தால் என்ன ஆகும்? கருங்கல் தண்ணீரைக் குடிக்காது என்று சொன்னேன். ஆகவே சுவருக்குள் நுழைந்த ஈரம் வெளியேற ஒரே வழி இடுக்குதான். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஆனால் தண்ணீர் நுழைவதை அடைக்கிறதா? இல்லை. வழவழப்பான கருங்கல்லோடு சிமெண்ட் நன்றாக ஒட்டாது. காய்ந்து சுருங்கும்போது கல்லுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை விடும். மழை அந்த இழையில் நுழையும். நுழைந்தது திரும்பாது. வெயில் அடிக்கும்போது அந்த ஈரம் வீட்டுப் பக்கம் திரும்பி, உப்பைச் சுமந்துகொண்டு உள்பூச்சில் வெள்ளையாகப் பூக்கும். சுவர் பொரிந்து உதிரும். "சிமெண்ட் அடிச்சப்புறம்தான் ஓதம் அதிகமாச்சு" என்று வீட்டுப் பெண்கள் சொல்வதை மேஸ்திரிகள் நம்புவதில்லை. நான் நம்புகிறேன். அவர்கள்தான் அந்தச் சுவரோடு நாள் முழுக்க இருக்கிறவர்கள்.

மாட்டுத் தொழுவத்தில் இது இரட்டிப்பு. கோமியத்தின் உப்பு தரையிலிருந்து சுவருக்கு ஏறுகிறது. அங்கே சிமெண்ட் பூசினால் இரண்டே மழையில் பெயர்ந்து விழும். தரைக்குச் சரிவும் கோமியம் ஓடச் சாக்கடையும் முதலில். பிறகு சுவரின் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்புப் பூச்சு. உப்பு ஏறிய பூச்சு சில ஆண்டுகளில் கெடத்தான் செய்யும். கெடட்டும். சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள். பூச்சு தன்னைக் கொடுத்துச் சுவரைக் காக்கிறது.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதைப் பொறுமையாகக் கையாளத் தோன்றும். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்விடுகிறது. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. சாந்தாகச் சுவரில் ஏறிய பிறகு, காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இந்தக் கடைசி வேலைக்கு நேரம் வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் சாந்து மாவாகிவிடும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது லேசாகத் தெளித்துவர வேண்டும். அதனால்தான் சித்திரை வெயிலில் நான் சுண்ணாம்பு வேலைக்கு ஒப்புக்கொள்வதில்லை. மழை ஓய்ந்த மார்கழி, தை நல்ல காலம்.

நீற்றும்போது கவனம். குழந்தைகளை அண்ட விடாதீர்கள். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் தொட்டியருகில் யாரும் நிற்க வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடி எவ்வளவு நாள் வைத்திருக்கிறோமோ அவ்வளவு மென்மையாக வரும். கடையில் மூட்டையில் விற்கும் பழைய பொடி வெள்ளையடிக்கத்தான் ஆகும். காற்றுப்பட்டு அதன் வலு ஏற்கெனவே போயிருக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சுத்தமான, சொரசொரப்பான மணல். அரைக்க அரைக்கச் சாந்து கூடிவரும். கடுக்காய், கருப்பட்டி சேர்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பழைய வேலைகளில் சேர்த்தார்கள், சேர்த்தால் தவறில்லை. ஆனால் சாதாரண வீட்டுப் பழுதுக்கு நன்றாக நீறிய சுண்ணாம்பும், நன்றாக அரைத்த கையும், காய்வதற்குக் கொடுத்த அவகாசமும்தான் முக்கியம் என்பது என் எண்ணம். கடுக்காயைப் பெருமையாகப் பேசிவிட்டு மூன்று நாளில் வேலையை முடித்துக்கொண்டு போகிறவர்களை நம்பாதீர்கள்.

இடுக்கு அடைக்கும் முறை எளிது. பழைய சாந்தை ஒரு அங்குல ஆழத்துக்கு உளியால் சுரண்டுங்கள். மெஷின் வைத்தால் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, சாந்தை உள்ளே அழுத்தி ஏற்றுங்கள். அகலமான இடுக்கில் சிறு சில்லும் சேர்த்து இறுக்குங்கள். கடைசியில் கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே நிற்கட்டும். கயிறு ஒட்டியதுபோல் புடைத்து, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்துக் காட்டும் பாயிண்டிங் தண்ணீர் தங்கத் திண்ணை கட்டிக் கொடுப்பது. அதற்குக் கேட்கும் கூலியில் பாதிக்கு உங்கள் ஓட்டுக் கூரையைச் சரி செய்துவிடலாம்.

சாந்தே வேண்டாத கட்டும் நம்மிடம் உண்டு. மேட்டு நிலத்துக் கல் வேலியும் பழைய கிணற்றுக் கட்டும் வெறும் கல்லை அடுக்கியவை. ஐரோப்பாவில் இந்தக் கலையைக் குரோவேஷியா, கிரீஸ், ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு நாடுகள் சேர்ந்து முன்வைக்க, யுனெஸ்கோ 2018-ல் தன் மரபுப் பட்டியலில் ஏற்றது. நம் கிணறுகளில் இடுக்கு வழியே ஊற்றுத் தண்ணீர் உள்ளே வரும். அது வரத்தான் இடுக்கு. "கட்டு சரியுது" என்று சிமெண்ட் பூசி அடைத்தால், பின்னாலிருந்து தண்ணீர் அழுத்தும், கட்டு இன்னும் சீக்கிரம் சரியும். மண்ணைத் தாங்கி நிற்கும் எந்தச் சுவருக்கும் இது பொருந்தும். சாந்தில் கட்டியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் வெளியேறக் குழாய்த் துண்டுகள் வைத்து, பின்புறம் சல்லி நிரப்புங்கள். இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் பிடுங்காதீர்கள். வேரோடு கல்லும் வரும். அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருங்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இது உங்கள் வீட்டில் வேலை செய்ய வருகிறவர்களைப் பற்றியது.

கல் அறுக்கும் மெஷின் வந்த பிறகு வேலை வேகமாகிவிட்டது. கூடவே, மாவு போன்ற தூசியும் வந்துவிட்டது. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. மெதுவாக மூச்சைக் குறைத்துக்கொண்டே போகும். உளி பிடித்த தகப்பன் எழுபது வயதில் தெம்பாக இருக்க, மெஷின் பிடித்த மகன் நாற்பதில் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை. முகத்தில் கட்டிய துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. அறுக்கும் பிளேடின் மேல் தொடர்ந்து தண்ணீர் விழ வேண்டும், தூசிக்கென்றே செய்த முகமூடி வேண்டும், அறுக்கும் இடம் திறந்த வெளியாகவும் காற்று ஆளைவிட்டு விலகிப் போகும் பக்கமாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் விட்டு அறுத்தால் சேறாகிறது, நேரமாகிறது என்பார்கள். ஆகட்டும். எஸ்டிமேட்டில் தண்ணீருக்கும் முகமூடிக்கும் தனி வரி எழுதச் சொல்லுங்கள். கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர். எத்தனை கல்லை அறுக்காமலே உள்ளபடி உட்கார வைக்க முடியும் என்றும் மேஸ்திரியோடு உட்கார்ந்து பாருங்கள். பழைய சுவரைப் பிரித்த கல்லை வைத்தே கட்டுகிற வேலையில் மெஷினுக்குப் பெரும்பாலும் தேவையே வராது. சுவரின் படம் கொண்டு வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.